சங்கு நின்ற மாதம்

சங்கு அலறியது.

மாங்குளப்பட்டில் சங்கு ஊதுவது புதிதல்ல. விடியும்போது ஒரு தரம், உச்சிப்பொழுதில் ஒரு தரம், அந்தி சாய ஒரு தரம், ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு ஒரு தரம் என்று பேரூராட்சி அலுவலகத்துத் தண்ணீர்த் தொட்டியின் தலையிலிருந்து தினமும் ஊதத்தான் செய்யும். ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் மணிகூட முடியவில்லை. ஊத வேண்டிய நேரமே இல்லை. ஊத ஆரம்பித்தது நிற்கவும் இல்லை.

ரேஷன் கடை வரிசை கலைந்தது. "கோமுகி டேம் ஒடைஞ்சிக்கிச்சாம்!" என்று யாரோ ஒரு புண்ணியவான் கத்தினார். மாட்டை அவிழ்த்தவர்கள் மாட்டோடும், அவிழ்க்காதவர்கள் மாட்டை விட்டுவிட்டும் மேட்டுத் தெருவைப் பார்த்து ஓடினார்கள். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டப் போகிற சமயம். மாப்பிள்ளை மணவறையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டார். அவரைத் திரும்பக் கூட்டிப்போய் உட்கார வைப்பதற்குள் நல்ல நேரம் கழிந்துவிட்டது என்பது பெண்வீட்டார் கட்சி.

மணிமொழி அப்போது அலுவலகத்தின் பின்கட்டில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு நடைக்கு ஓடிவந்தாள். சுவரில் சங்கின் பெட்டி தனியாக இருந்தது. பச்சைப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. சிவப்பை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி குத்தினாள். கை வலித்ததுதான் மிச்சம்.

"அக்கா, நகருங்க!" என்று கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரவீன்குமார் ஓடிவந்து மெயினையே இழுத்துவிட்டான். மின்விசிறி, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. மேலே சங்கு மெல்ல மெல்ல இறங்கி, முனகி, அடங்கியது.

பட்டு வேட்டியும் கையில் சந்தனமுமாகத் தலைவர் நாராயணசாமி வந்து இறங்கினார். கல்யாணப் பெண்ணுக்கு அவர்தான் தாய்மாமன்.

"யார்யா அமுக்குனது?"

"யாரும் அமுக்கலீங்க தலைவரே. ராத்திரி மழையில பொட்டிக்குள்ள தண்ணி பூந்துக்கிச்சி" என்றான் பிரவீன்.

"ஊருக்குத் தண்ணி வுடுங்கய்யான்னா வர மாட்டேங்குது. சங்குக்குள்ள மட்டும் பூந்துக்குமா?" அவர் மணிமொழியைப் பார்க்காமலேயே பேசினார். "இந்தக் காலத்துல எவன்யா சங்கு கேட்டு எழுந்திருக்கறான்? கழட்டி எடைக்குப் போடு. ஊரு நிம்மதியா இருக்கும்."

செயல் அலுவலர் அரங்கநாதன் சாதுவான மனிதர். கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வந்து போகிறவர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம். எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்தார். மோட்டாரும் போய்விட்டது, வயரும் போய்விட்டது, சரிபண்ணலாம், ஆனால் செலவு பிடிக்கும் என்று எலெக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனார். அரங்கநாதன் தாடையைத் தடவிக்கொண்டு ஒரு நடுவழி கண்டுபிடித்தார்.

"அடுத்த கூட்டம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும் தலைவரே. சங்கு இன்னாச்சின்னு ஒருத்தராவது வந்து கேட்டா, தேவை இருக்குன்னு அர்த்தம். ரிப்பேர் பண்ணிடலாம். யாரும் கேக்கலன்னா ஏலம். நாளைக்கு எவனும் நம்மளக் குறை சொல்ல முடியாது பாருங்க."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேப்பாங்க, கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே கல்யாணத்துக்குத் திரும்பினார்.

அரங்கநாதன் மணிமொழியின் பக்கம் திரும்பினார். "நீங்களா போயி யாரையும் தூண்டிவுட்டு மனு வாங்கிக்கினு வந்துடாதீங்கம்மா. தானா வரணும்."

"எனக்கு இன்னா சார் இருக்கு அதுல?" என்றாள் மணிமொழி. "எனக்கு ஒரு வேலை கம்மி."

சொல்லும்போது அது உண்மை என்றுதான் அவளும் நினைத்தாள்.

மாங்குளப்பட்டு கிராம ஊராட்சியாக இருந்து பேரூராட்சியாக உயர்ந்தபோது, முதல் தலைவராக வந்தவர் ஒரு கரும்பு விவசாயி. ஏதோ வேலையாகச் சேலம் போனவர், அங்கே ஆலைச் சங்கைக் கேட்டு மயங்கிப்போனார். 'பேரூராட்சின்னு ஆயிட்டோம், நமக்குன்னு ஒரு சத்தம் வாணாமா?' என்று கேட்டாராம். அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன்பே சங்கு வந்து இறங்கிவிட்டது. தெருவிளக்கு அதற்குப் பிறகு வந்தது. குழாய்த் தண்ணீர் அதற்கும் பிறகு வந்தது. பேருந்து நிலையம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. மேற்கே கல்வராயன் மலையை ஆண்ட ஜாகீர்தார்களின் காலம் அப்போது முடிந்திருக்கவில்லை. 'கவர்மெண்ட் மல ஏறதுக்கு முன்னாடி எங்க சங்கு ஏறிடிச்சி' என்று பழைய கவுன்சிலர்கள் மார்தட்டிக்கொள்வதுண்டு.

கரும்பு வெட்டுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். பிறகு எல்லார் கையிலும் வாட்ச் வந்தது. வாட்ச் கழன்று செல்போன் வந்தது. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் சங்கு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது.

அதை ஊதியவள் மணிமொழி. ஊதியவள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். பொத்தானை அழுத்துகிறவள், அவ்வளவுதான். அந்த வேலை முதலில் அவள் புருஷன் வீரமுத்துவுடையது. மஞ்சள் காமாலையில் அவன் போன பிறகு, கருணை அடிப்படையில் அவளுக்கு ஆணை வரும்வரை சங்கு கொஞ்ச காலம் ஊமையாகக் கிடந்தது. வேலையில் சேர்ந்த முதல் நாள் அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். கை நடுக்கத்தில் சீக்கிரம் விட்டுவிட்டோமோ என்று பயந்து, சத்தம் இறங்கி அடங்கிய பிறகு இன்னும் ஒரு தரம் லேசாகத் தொட்டுவிட்டாள். 'பூம்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்து நின்றது. மறுநாளும் அப்படியே செய்தாள். அதற்கு மறுநாளும் செய்தாள். அப்புறம் அது கையோடு வந்த பழக்கமாகிவிட்டது. சமையலை இறக்கியபின் உப்புப் பார்ப்பதுபோல, அந்தச் சின்னத் தொடல் இல்லாவிட்டால் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி இருக்காது.

"இன்னாக்கா, ஊருக்கே சேதி சொல்லிட்டு, கடசியில ரகசியமா யாருக்கோ ஒண்ணு சொல்றீங்க?" என்று பிரவீன்குமார் கேலி செய்வான்.

"ஒங்கப்பனுக்குத்தான்டா, போடா" என்பாள் அவள்.

அலுவலகத்துக்குப் பின்னால் பழைய குவார்ட்டர்ஸ் இரண்டு இருந்தன. ஒன்றில் அவள் இருந்தாள். இன்னொன்றில் யாருடைய ஆடுகளோ இருந்தன. மகள் தேவதர்ஷினி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அங்கே போய் நாலு நாள் தங்கிவர மணிமொழியால் முடிந்ததே இல்லை. விடியச் சங்கு, ராத்திரிச் சங்கு. நடுவில் எங்கே போய் எப்படித் திரும்புவது? பேரன் பிறந்தபோதுகூட காலைச் சங்கை ஊதிவிட்டு, மீதியைப் பிரவீனிடம் கெஞ்சி ஒப்படைத்துவிட்டுப் போய், மறுநாள் விடிவதற்குள் ஓடிவந்தாள். 'இந்த எழவெடுத்த சங்கு என்னக் கட்டிப் போட்டிடிச்சி' என்று அவள் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள்.

இப்போது கட்டு அவிழ்ந்துவிட்டது.

மறுநாள் உச்சிப்பொழுதில் கால் தானாக நடைக்குப் போனது. கை தானாக எழுந்தது. எலெக்ட்ரீஷியன் கழற்றி வைத்துவிட்டுப் போன பெட்டியிலிருந்து வயர்கள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. மணிமொழி கையை இறக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். யாராவது நிமிர்ந்து தொட்டியைப் பார்ப்பார்கள், 'இன்னா, இன்னிக்கி ஊதல?' என்பார்கள் என்று நின்றாள். தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. கரும்பு டிராக்டர் ஒன்று போனது. ஊர் தன்பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்தது.

அந்தியில் டீக்கடைக்குப் போனாள். கடைக்காரர் சுபாஷ் வாயாடி. ஊரில் எதுவும் அவர் காதைத் தாண்டிப் போகாது.

தூண்டிவிடக் கூடாது என்று செயல் அலுவலர் சொல்லியிருந்ததால், மணிமொழி சுற்றி வளைத்தாள். "இன்னாப்பா, இன்னிக்கி ஊரே அமைதியா இருக்கற மாரி இல்ல?"

சுபாஷ் டீயை ஆற்றிக்கொண்டே காதைக் கொடுத்துப் பார்த்தார். "ஆமாக்கா. நானும் காலையிலேர்ந்து இன்னாவோ கொறையுதேன்னு பாத்துக்கினே இருக்கறேன்."

மணிமொழி கிட்டே நகர்ந்தாள். "இன்னா கொறையுது?"

"மண்டபத்துல மைக்செட் கட்டிக்கினு போயிட்டான் இல்ல, அதான். மூணு நாளா காதக் கிழிச்சிட்டான் பாவி."

அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

நாள் போகப்போக அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அலுவலக வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் முகத்தைப் பார்ப்பாள். வீட்டு வரி கட்ட வந்தார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு வந்தார்கள். நாய் பிடிக்கச் சொல்லி வந்தார்கள். பிடித்த நாயை எங்கே விட்டீர்கள் என்று கேட்டும் ஒருவர் வந்தார். சங்கைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஒருநாள் காலை, கண் சிவக்க ஒரு பெரியவர் படியேறினார். மேட்டுத் தெருக்காரர். கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"ஏம்மா, ஆபீஸ் நடத்துறீங்களா, இல்ல தூங்கறதுக்கு வர்றீங்களா? இத்தினி நாளா நின்னு கெடக்குது. ஒருத்தருக்கும் கண்ணு தெரியலியா?"

மணிமொழி துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "வாங்கய்யா, உக்காருங்க. நீங்களாவது கேட்டீங்களே. சார் உள்ளதான் இருக்காரு, அவருகிட்ட இதையே சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

பெரியவர் சத்தமாகவே சொன்னார். அவர் வீட்டெதிரே சாக்கடைத் தண்ணீர் நின்று கிடக்கிறதாம். கொசு தாங்கவில்லையாம்.

அரங்கநாதன் குறித்துக்கொண்டார். பெரியவர் போகும்போது மணிமொழியிடம், "நல்ல பொம்பளம்மா நீ. இந்த ஆபீஸ்ல மரியாதையா பேசறது நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவதர்ஷினி போன் பண்ணினாள். பேரன் இருமல், மருமகன் ஷிப்ட், பால் விலை எல்லாம் ஆனபின் மணிமொழி சொன்னாள். "சங்கு நின்னுபோச்சிடி."

"எந்தச் சங்கு?"

"நம்ம சங்குடி. ஆபீஸ் சங்கு."

"ஓ, அதுவா! இன்னும் அத ஊதிக்கினா இருந்த நீ?" மகள் சிரித்தாள். "நல்லதாப் போச்சி வுடும்மா. இனிமே ஒரு நாளு வந்து இருந்துட்டுப் போவலாம் இல்ல."

"ஒரு நாளா?"

"இல்லம்மா, ரெண்டு நாளு இரேன். இங்க ஒரே ரூமு. அதான்..."

"சும்மா கேட்டேன்டி" என்றாள் மணிமொழி. "வரேன். ஒரு நாளு வரேன்."

அடுத்த விடுமுறையில் அவள் ஒரு காரியம் செய்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறி கள்ளக்குறிச்சிக்குப் போனாள். எத்தனையோ வருஷமாக அந்த ஊருக்கு அவள் ஓட்டமாகப் போய் ஓட்டமாகத் திரும்பியவள். உச்சிச் சங்குக்கும் அந்திச் சங்குக்கும் நடுவில் எதை முடிக்க முடியுமோ அதை முடித்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். இன்றைக்கு அவசரம் இல்லை. கடைவீதியில் மெதுவாக நடந்தாள். பாத்திரக் கடையில் ஒரு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்தவர் போன் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போனார். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. பேருந்து நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, வடக்கனந்தல் வண்டி, சின்னசேலம் வண்டி, வெள்ளிமலை வண்டி என்று ஒவ்வொன்றும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தாள். எல்லாரும் எதற்கோ நேரமாகிவிட்டதுபோல் முண்டியடித்தார்கள். அவளுக்கு எதற்கும் நேரமாகவில்லை.

அந்தி சாய்வதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி, அலுவலகத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள். பாதி வழியில்தான், ஏன் வேகமாக நடக்கிறோம் என்று நினைவு வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள். மேற்கே மலை நீலமாகி, கறுப்பாகி, இருட்டோடு இருட்டாகிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் பிரவீன்குமார் பேரூராட்சியின் இணையதளப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தான். மேலிடத்திலிருந்து உத்தரவு. ஊர் வரலாறு, வார்டுகள், கோயில்கள், சேவைகள் எல்லாம் புதுப்பித்துப் போட வேண்டுமாம்.

"அக்கா, கேளுங்க. சரியா இருக்கா பாருங்க" என்று வாசித்தான். "'மாங்குளப்பட்டு, கல்வராயன் மலை அடிவாரத்தில் இயற்கை எழிலுடன் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். இங்கு கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம் விளைகின்றன. பேரூராட்சியால் வழங்கப்படும் சேவைகள்: குடிநீர், தெருவிளக்கு, திடக்கழிவு மேலாண்மை, மயானம்...'"

"பழைய பக்கத்துல சங்கு இருந்திச்சேடா?"

"இருந்திச்சி. 'பொதுமக்களுக்கு நேரம் அறிவித்தல்'னு போட்டிருந்தாங்க." அவன் கொஞ்சம் தயங்கினான். "சார் எடுத்துடச் சொல்லிட்டாருக்கா. கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தரம், பின்னாடி ஒரு தரம்னு ரெண்டு வாட்டி மாத்த முடியாது இல்ல."

மணிமொழி தலையாட்டினாள். திரையில் மயானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. அவன் அதை நகர்த்திவிட்டு வேறு பக்கத்தைத் திறந்தான்.

"ஒனக்குத் தெரியுமாடா, நீயாவது கவனிச்சியா? அது நின்ன அன்னிக்கி?"

"நான்தானேக்கா மெயின இழுத்தேன்."

"அதக் கேக்கல. மறுநாளு. மதியானம். சத்தம் வரலியேன்னு தோணிச்சா?"

பிரவீன்குமார் நல்ல பையன். பொய் சொல்லப் பார்த்தான். வரவில்லை. "நான் காதுல ஹெட்போன் மாட்டிக்கினு இருந்தேன்க்கா" என்றான்.

கூட்டத்து நாள் வந்தது. வெயில் ஏறும் முன்பே பழைய இரும்பு வியாபாரி ஒருவர் கயிறும் கப்பியுமாக வந்து தொட்டிக்குக் கீழே குந்திக்கொண்டார். தீர்மானம் போட்டதும் இறக்கிவிடலாம் என்று தலைவரே சொல்லி அனுப்பியிருந்தாராம். அரங்கநாதன் உள்ளே கூட்டத்துக்கான பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கவுன்சிலர்கள் இன்னும் வரவில்லை. மணிமொழி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். டீக்குச் சொன்னாள். தண்ணீர் பாட்டில்களை வைத்தாள். தொட்டியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அப்போதுதான் அந்த இரண்டு பேரும் வந்தார்கள்.

வயதான ஆணும் பெண்ணும். மலை வண்டியில் வந்து இறங்கி நடந்து வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் தோளில் துண்டு இல்லை, இடுப்பில் சுற்றியிருந்தார். அந்தம்மாள் துணிமூட்டை ஒன்றைக் கைக்குழந்தையைப்போல் அணைத்திருந்தாள். வாசலில் செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். வணக்கம் சொல்லவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வாங்க. மேல பெஞ்சில உக்காருங்க" என்றாள் மணிமொழி.

அந்தம்மாள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். 'வாங்க' என்று சொன்னதே தப்பு என்பதுபோல ஒரு பார்வை.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"இப்ப வாணாம்மா" என்றார் பெரியவர் மெல்ல. "எல்லாம் ஆனப்பறம் குடிக்கலாம்."

பிரவீன்குமார் எட்டிப் பார்த்தான். "எந்த ஊருங்க பெரியவரே? பேரு இன்னா?"

"மாயவனுங்க. இது எம் பொண்டாட்டி சாமியம்மா. மேல, மொட்டப்பாறைங்க."

"மலையா? மலைக்கு இங்க ஒண்ணியும் கெடையாதுங்களே. இது மாங்குளப்பட்டுக்கு மட்டும்தான். நீங்க வெள்ளிமலைக்கில்ல போயிருக்கணும்?"

"தெரியுங்க. ஆனா சாவு இங்கதான்."

பிரவீன்குமாரின் குரல் தணிந்தது. "ஓ. டெத் சர்டிபிகேட்டுக்கா? அதுக்கு ஆஸ்பத்திரி சீட்டு வேணும், ஆதார் வேணும்..."

"சர்டிபிகேட்டெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க? வூடு எதுன்னு காமிச்சாப் போதும். தேடிப் பாத்தோம், சாவு வூடு மாரி எதுவும் கண்ணுல படல. ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்கன்னு வந்தோம்."

"யாரு வூடு? செத்தது யாருங்க?"

பெரியவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பேரு தெரியாதுங்க" என்றார்.

வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்திருந்த பழைய இரும்பு வியாபாரி சிரித்துவிட்டார். பிரவீன்குமாருக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டான். "பேரே தெரியாம சாவுக்கு வந்திருக்கீங்களா? அதுவும் மலையிலேர்ந்து?"

"சிரிக்காதீங்க தம்பி" என்றாள் சாமியம்மாள். அதுதான் அவள் வாயைத் திறந்த முதல் முறை. குரல் கரகரத்தது. "அவங்க வூட்டுக்காரரு போனப்பவே நாங்க வந்திருக்கணும். மொதல்ல எங்களுக்குத் தெரியல. அப்பறம் கரும்பு வெட்ட எறங்கினவங்க சொல்லித் தெரிஞ்சப்ப நாளாயிடிச்சி, எறங்கி வரத் தோதுப்படல. அந்தக் கொற எனக்கு மனசுல கெடக்குது. அதான் இவங்களுக்காவது வந்துடணும்னு, காட்டுல வெளஞ்ச சாமை ரெண்டு படி எடுத்துக்கினு கெளம்பிட்டோம். வெறுங்கையோட வரக்கூடாது இல்ல."

அரங்கநாதன் பேப்பரை வைத்துவிட்டு நடைக்கு வந்தார். "புருஷனும் போயிட்டாரா? சரிம்மா, இந்த ஊருல எனக்குத் தெரிஞ்சி இந்த மாசம் எந்தப் பொம்பளையும் சாவலியே. நீங்க அவங்களப் பாத்திருக்கீங்களா? ஆளு எப்படி இருப்பாங்க?"

"பாத்ததில்லீங்க."

"ஒறவா?"

"இல்லீங்க."

மணிமொழி கையில் டீ டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு நின்றாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"பாத்ததில்ல, ஒறவில்ல, பேரும் தெரியாது" என்று அரங்கநாதன் பொறுமையாகக் கேட்டார். "அப்ப யாருன்னும்மா நாங்க தேடறது?"

சாமியம்மாள் எழுந்து நின்று, வாசலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் உச்சியைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அதோ அந்தச் சங்க ஊதி முடிச்சிட்டு, கடசியில சின்னதா இன்னொண்ணு ஊதுவாங்களே, அந்தம்மாதான் சாமி, சத்தம் நின்னு இத்தினி நாளாச்சே, அதான் துக்கம் கேக்க வந்தோம்."